தமிழ்ப் பிரதிக்கு நான் பொறுப்பு

பொரளையில் இரண்டாம் மாடி.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு வாளி.
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பக்கக் கோப்பு:
மரபணு மாற்றிய சோளம், உணவுக்கும் தீவனத்துக்கும்.
குழுவில் ஒன்பது பேர்.
தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால்
சுருக்கத்தின் தமிழ்ப் பிரதி என் தலையில்.

எலிகளிலிருந்து தொடங்கினேன்.
தொண்ணூறு நாள் இந்தச் சோளம் தின்ற எலிகள்.
பெண் எலிகளில் ஒரு கூட்டத்துக்கு
மண்ணீரல் கொஞ்சம் கனம் குறைவு,
கிராமில் நூறில் நாலு பங்கு.
உயிரியல் ரீதியில் முக்கியமற்றது என்கிறது அடிக்குறிப்பு.
யாருக்கு? என்று பென்சிலால் எழுதினேன்.
பிறகு அழித்தேன்.
அது நேர்மையான கேள்வி இல்லை.
ஆண் எலிகளில் அந்தக் குறைவு இல்லை,
சோளத்தைக் கூட்டியபோதும் அது கூடவில்லை,
வேறு தீவனம் தின்ற பழைய எலிகளின்
ஏற்ற இறக்கத்துக்குள்தான் அதுவும் விழுகிறது.
நான் படித்த படிப்பும் அதையே சொல்லும்.
இருந்தாலும் எஃப் முப்பத்தேழு என்று ஓர் எலி.
மிகக் குறைந்த கனம் அதனுடையது.
இலக்கம் மனதில் நின்றுவிட்டது, பஸ் இலக்கம்போல.

புதிய புரதத்தைச்
செயற்கை இரைப்பை நீரில் விட்டிருக்கிறார்கள்.
ஜெல் படத்தில் முதல் நிரலில் கறுப்புக் கோடு.
அரை நிமிடம் கழித்து, அடுத்த நிரலில்
ஒன்றுமில்லை.
நன்றாகச் செய்த வேலை. மூன்று தரம் பார்த்தேன்.

கலாநிதி சந்தமாலி கதவில் தட்டினா.
கப்பல் வெளியில் நிற்கிறது,
தாமதக் கட்டணம் டொலரில் ஓடுகிறது,
கோழிப் பண்ணைக்காரர் மினிஸ்டரியில் குந்தியிருக்கிறார்கள்.
சிங்களப் பிரதி நேற்றே முடிந்தது.
"ஒரு வசனம்தானே, போடுங்கோ."

தீங்கு இல்லை, என்று எழுதினேன்.
சுவரொட்டிக்கு ஆகும் வசனம்.
வெட்டினேன். கோப்பு அப்படிச் சொல்லவில்லை.
இன்ன இடங்களில், இத்தனை நாள்,
கையிலிருந்த விளக்கோடு தேடினார்கள்.
அவ்வளவுதான்.

தீங்கு காணப்படவில்லை.

எழுதியதும் கை நின்றது.
இந்தச் சொல்லை எங்கள் வீட்டில்
வேறொரு படிவத்தில் நிரப்பியிருக்கிறோம்,
அண்ணாவின் பெயருக்கு நேரே, மூன்று பிரதிகளில்.
இல்லை என்பதற்கும் காணப்படவில்லை என்பதற்கும்
நடுவில் எவ்வளவு தூரம் என்று அம்மாவுக்குத் தெரியும்.
கேட்கமாட்டேன்.
இது சோளம்.

மாலை காலிமுகத்திடல்.
சப்ரியின் வண்டியில் ஆவி பறக்கிறது.
உப்புத் தண்ணீர் வழிய ஒரு கதிர் தந்தான்.
எங்கிருந்து வந்தது என்றேன்.
"மொனராகலை எண்டு சொன்னாங்க மிஸ்.
போன போகத்தில சேனாப் புழு பாதியைத் திண்டிட்டுதாம்.
விலையைப் பாருங்க."
புழு தின்னாத விதையொன்று
என் மேசையில் கிடக்கிறது என்று சொல்லவில்லை.
கடித்தேன். கடலில், தூரத்தில்,
வரிசையாய் மூன்று விளக்கு. அந்தக் கப்பலாயும் இருக்கலாம்.
பக்கத்தில் ஒரு குடும்பம் கோழிக் கொத்துப் பார்சலைப் பிரித்தது.
கோழி நாற்பத்திரண்டு நாளில் என்ன தின்றதென்று
யார் கொத்துக்காரனிடம் கேட்கிறார்கள்?
நானும் கேட்டதில்லை.
நாளைக்கும் சாப்பிடுவேன்.

வெள்ளி காலை, கையெழுத்துக்கு முன்
ஒன்றைச் சேர்த்தேன்:
தேடிய அளவில் தீங்கு காணப்படவில்லை.
நளாக, சிங்களப் பிரதி எழுதியவர், எட்டிப் பார்த்தார்.
"முன்னுக்கு என்ன போட்டிருக்கிறீங்க?"
சொன்னேன்.
தன் தாளை எடுத்தார். பேனையின் மூடியைத் திறந்தார்.
சுவரில் மணி பார்த்தார். மூடினார்.

சந்தமாலி மூன்றிலும் ஒப்பமிட்டா. நானும்தான்.
மனம் ஒப்பித்தான் இட்டேன், அதையும் சொல்லவேண்டும்.
தாளின் அடியில் வழமையான சிற்றெழுத்து:
பிரதிகள் முரண்பட்டால் சிங்களப் பிரதியே மேலோங்கும்.

வாளி நிரம்பியிருந்தது.
யன்னலால் ஊற்றினேன்.
பல்லிடுக்கில் நேற்றைய சோளத்தோல்,
நாக்கு அதையே தேடிக்கொண்டிருந்தது.