கடைசி எழுத்து

கெர்மான்ஷா, பழைய கடைத்தெரு, மாடியில் அச்சகம்.
முந்நூறு அழைப்பிதழ் அடிக்கவேண்டும்.
மாப்பிள்ளை கூஷ்யார், யஸ்துக்காரன்,
பழஞ்சொல் பித்து.
'அரூஸ்' என்று போட்டால் ஆகாதாம்,
அது அரபு ஒட்டகத்தில் வந்து
திரும்பிப் போக மறந்த விருந்தாளியாம்.
பெண்ணின் பெயருக்கு முன்னால்
'பயூக்' என்று எழுதிக் கொடுத்தான்.

இருபத்தாறு வருடமாய் எழுத்துக் கோக்கிறேன்.
ஊரார் பிழைகளைத் தின்று வளர்ந்த கண்.
பயூக்கா? அப்படியொரு சொல்லே கிடையாது.
கடைசி எழுத்தில் கை தவறியிருக்கிறது, பாவம்.
இரட்டைக் கோடு போட்ட எழுத்தை எடுத்துவிட்டு
உருண்டை எழுத்தை வைத்தேன்.
'பீவே' ஆயிற்று:
விதவை.
ஒளிக்காமல் சொல்கிறானே இந்தக் காலத்துப் பையன்
என்று மெச்சிக்கொண்டேதான் அடித்தேன்.

மறுநாள் பெண்ணே படியேறி வந்தாள். ஷீலான்.
"மணக்குமுன்னே அவரைக் கொன்றுவிட்டீர்களே" என்றாள்.
குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாயிருந்தது.

பின்னால் மூச்சிரைக்க அவன்:
"அது அழைத்துப் போகப்படுகிறவள்,
இது பிரிந்து நிற்கிறவள்.
இந்தியப் பக்கம் போனால்
வது என்றும் விதவை என்றும்
இரண்டுக்கும் உறவுக்காரிகள் இருக்கிறார்கள்.
முகம்தான் ஒரே சாயல். ரத்தம் வேறு."

அவள் அவனைக் கேட்கவில்லை.
குர்தியில் என்னிடம் திரும்பி,
"நம் பேச்சில் மணப்பெண்ணை என்ன சொல்வோம்?"

"பூக்" என்றேன்.
சொல்லி முடிக்குமுன் நாக்கு சுட்டது.
பயூக். பயூக். பூக்.

மழை பொய்த்த வருடங்களில்
கட்டை அகப்பைக்குத் துணி சுற்றி
'மழையின் பூக்' என்று
வீடு வீடாய்த் தூக்கிப் போயிருக்கிறேன்.
வாளி வாளியாய் ஊற்றுவார்கள்,
பொம்மைக்குப் பாதி, எனக்குப் பாதி.
அந்தச் சொல்லைத்தான் சுமந்தேன்.
தோளுக்குத் தெரிந்தது
கைக்குத் தெரியவில்லை.

மறுபடி அடிக்கக் காகிதம் இல்லை, நாளும் இல்லை.
என் முக்காலியில் அவளே உட்கார்ந்தாள்.
சவர அலகால் உருண்டையைச் சுரண்டினாள்,
பேனாவால் புது எழுத்தை இட்டு
மேலே இரண்டு சாய்கோடு இழுத்தாள்.
சில அட்டைகளில் ஓட்டை விழுந்தது.
விளக்கு வைக்கும்வரை
நாங்கள் மூவரும் பேசவில்லை.

கடைசி அட்டையை எடுத்தாள், அலகை வைத்துவிட்டாள்.
"இது இப்படியே இருக்கட்டும்.
அம்மாவுக்கு.
அப்பா போனது போரின் மூன்றாம் வருடம்."

கூஷ்யார் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
பிறகு மைப்புட்டியின் மூடியைத் தேடத் தொடங்கினான்,
அது அவன் கையிலேயே இருந்தது.