வலப்பக்கம் இழுக்கும் படகு

கடலுக்குப் போகும்போது
அடையாறு முகத்துவாரத்துக்கு இழுக்கும்.
கரைக்குத் திரும்பும்போது
கலங்கரை விளக்கத்துக்கு.
நான் கேட்டது இரண்டையும் அல்ல.
நொச்சிக்குப்பத்தில், எங்கள் சந்துக்கு நேரே,
பதினைந்து அடி மணல்.

நீவாடுதான் என்றேன் முதலில்.
போகும்போது தெற்கே தள்ளி
வரும்போது வடக்கே தள்ளுமா
என்று கேட்டாள் கனகவல்லி.
நண்டு உடைத்துக்கொண்டே கேட்டாள்,
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் மச்சான் எத்திராஜைச் சொன்னேன்.
எண்பத்தெட்டு கிலோ, சோத்துத் தூக்கு தனி,
எப்போதும் வலது விளிம்பில்தான் குந்துவான்.
இடம் மாற்றி உட்கார வைத்தேன்.
அவன் இடப்பக்கம் இருந்தான்,
படகு வலப்பக்கமே போனது.
நாலு நாள் என்னோடு பேச்சில்லை.

பிலோமினா காசிமேட்டிலிருந்து
பஸ்ஸில் வந்தாள்,
கருவிப்பைக்கும் ஒரு டிக்கெட் வாங்கினானாம் கண்டக்டர்,
அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.
மோட்டாரைத் தொடாமல் என்னைக் கேட்டாள்:
மெதுவாப் போனாலும் இழுக்குதா?
இல்ல, வேகம் ஏத்தினாத்தான்.
கைப்பிடி இறுகிக் கிடக்குதா?
இறுக்கமில்ல. ஒரு பக்கமா கனக்குது,
அடம் பிடிக்கிற ஆட்டை இழுக்கிற மாதிரி.

பின்பலகைப் பிடித்திருகுகளை ஆட்டினாள். ஆடவில்லை.
கழுத்தில் கிரீஸ் ஏற்றினாள்,
பழையது உப்போடு புழுப் புழுவாய் வெளியே வந்தது.
விசிறித் தண்டில் சுற்றிய நைலான் நரம்பை
பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள்.
ஓட்டிப் பார்த்தோம். இழுத்தது.

பிறகு மோட்டாரைத் தூக்கி நிறுத்தி
மணலில் மல்லாந்து படுத்தாள்.
இந்த வால யாரு மாட்டினது?

விசிறிக்கு மேலே
உள்ளங்கையில் அடங்கும் துத்தநாகத் துண்டு,
மத்தியின் வால் அளவு.
நான்தான். தை மாசம் பெயிண்ட் அடித்தபோது.
கோணலாய் இருந்தது,
நூல் பிடித்து நேராக்கினேன்.
பெருமையாய்க்கூட இருந்தது அன்றைக்கு.

விசிறி ஒரே பக்கம் சுத்துதில்ல,
இது கோணி நின்னாத்தான் போட்டு நேராப் போகும்.
எந்தப் பக்கம் இழுக்குதோ
வால்முனைய அந்தப் பக்கமே திருப்பு.

இழுக்கிற பக்கமேவா?

ஆமா என்றாள், வாயில் நட்டோடு.
எட்டு மாசம் எதிர்த்து இழுத்தவனுக்கு
அது ஏறவில்லை.
பத்தாம் நம்பர் ஸ்பானர், அரை விரல் அகலம், ஒரு முடுக்கு.

அலை தாண்டினோம். வேகம் ஏற்றினேன்.
கைப்பிடி என் கையில்
தூங்குகிற குழந்தையின் விரல் போலக் கிடந்தது.
ஆனால் படகு இப்போது இடப்பக்கம் திரும்பியது.
ஐயோ, கூடத் திருப்பிட்டியா என்று கத்தினேன்.
மோட்டார் சரியாத்தான் இருக்குது,
நீதான் இழுக்குற என்றாள்.

குனிந்து பார்த்தேன். உண்மைதான்.
யாரும் இழுக்காத ஒன்றை
என் இடது கை
நெஞ்சுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.
எத்திராஜ் அன்றுதான் சிரித்தான்.

மறுநாள் லூப் ரோட்டில் தெற்கே ஸ்கூட்டர்,
பின்னால் ஐஸ் பெட்டியோடு கனகவல்லி.
வண்டி இடப்பக்கம் ஒதுங்குது,
கடலுக்குப் போகப் போறியா என்கிறாள்.
காத்து என்கிறேன்.
எந்தக் காத்து என்கிறாள்.