சுருட்டு

பல்லவி மேடம் அனுப்பிய வீடியோவில்
ஒருத்தி ஓயாமல் பேசுகிறாள்.
அது இங்கிலீஷ்கூட இல்லை என்றான் மகன்.
மெக்சிகோவாம்.
புதன்கிழமை கியானுக்குப் பிறந்தநாள்,
இருபது பிள்ளைகள், உங்களால் முடியும் அக்கா.

சத்தத்தை அணைத்துவிட்டுக்
கையை மட்டும் பார்த்தேன்.
எந்த ஊர்க் கையானால் என்ன,
மாவு ஒட்டினால் வழிக்கத்தானே வேண்டும்.

நீலசந்திராவில் பத்துக்குப் பத்து அறை.
புரட்டாசி மூன்றாம் சனி.
ஒரு டம்ளர் தண்ணீர், எலுமிச்சையளவு வெண்ணெய்,
உப்பு, கொஞ்சம் சர்க்கரை.
தளதளவென்று வந்ததும் மைதாவைக் கொட்டிக் கிளறினால்
சட்டியை விட்டுச் சுருண்டு வருகிறது.
கொழுக்கட்டைக்குக் கிண்டுவதுதான்.
இதற்கா அவள் அவ்வளவு பேசினாள்?

பட்டையை மிக்சியில் அரைத்ததுதான் வினை.
சந்து முழுக்க பிரியாணி வாசம்.
பக்கத்து வீட்டுக் கோமளா
நெற்றியில் திருமண் ஈரம் காயாமல்
வாசலில் வந்து நின்றாள்.
"சனிக்கிழமையும் அதுவுமா..."
வாய் இழுக்க இழுக்க
கண் என் சட்டிக்குள் எலும்பு தேடியது.
பட்டையும் சர்க்கரையும் கலந்து
உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தேன்.
நக்கினாள்.
போகவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

முறுக்கு அச்சில் ஒற்றை வட்டக் கண் தட்டு.
வீடியோவில் வரிவரியாய் இருந்ததே என்றான் மகன்.
வரி அழகுக்குடா என்றேன்.
மொழுமொழுவென்று இறங்கின இரண்டு குச்சிகள்.
மூன்றாவது
எண்ணெயில் கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு வெடித்தது.

என் முழங்கையில் மூன்று சொட்டு,
காலண்டரில் பெருமாள் தோளில் ஒன்று.
"பார்த்துக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள் கோமளா,
சுவரோடு ஒட்டிக்கொண்டு.

கிழிந்ததை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.
வெளியே ஓடு மாதிரி இறுகல்,
உள்ளே பச்சை மாவு,
இரண்டுக்கும் நடுவில் போக வழியில்லாத ஆவி.

தட்டை மாற்றினேன். நட்சத்திரக் கண்.
மேடும் பள்ளமுமாய் இறங்கி
மேடு சிவந்தது, பள்ளம் மெல்ல விரிந்தது.
எண்ணெய் சத்தம் போடாமல் பேசியது.

ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த மாதையன்
பேர் என்ன என்றான்.
"சுரோ" என்றான் மகன் உதட்டைக் குவித்து.
"என்னது, சுருட்டா?"
அவ்வளவுதான்.
சந்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்
இரண்டு விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு
பட்டைப் பொடியைப் புகையாக ஊதினார்கள்.
ராத்திரி யாருக்கும் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை
ஒன்பதாவது மாடிக்கு அச்சைத் தூக்கிப்போனேன்.
மேசையில் ஏற்கெனவே அட்டைப்பெட்டிகள்,
ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு காகிதச் சட்டை.
"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்னுதான்.
பூரி மட்டும் போட்டுடுங்க."
போட்டேன், அறுபது பூரி.
அச்சு பைக்குள்ளேயே கிடந்தது,
செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில்.

பாதி தின்று யாரோ வைத்துப்போனதைச்
சமையலறையில் கடித்துப் பார்த்தேன்.
வரி ஒன்றுபோல இருந்தது, குறை சொல்ல முடியாது.
ஆறிப்போய், சர்க்கரை கசிந்து
நனைந்த பீடி மாதிரி வளைந்தது.

நாலாம் சனி.
மைதா, வெண்ணெய், ஒரு பாக்கெட் எண்ணெய்
கோமளாவே வாங்கி வந்துவிட்டாள்.
பின்னாலேயே பிள்ளைகள்.
நட்சத்திரத் தட்டை எடுத்தால்
அவள் மகன் கையைப் பிடித்துக்கொள்கிறான்:
"மொதல்ல வெடிக்கிறது ஒண்ணு போடுங்க ஆன்ட்டி."

எல்லோரையும் வாசலுக்கு வெளியே தள்ளி,
பெரிய மூடியை இடக்கையில் பிடித்து,
காலண்டரை ஆணியோடு பிடுங்கி
ஒரு முழம் மேலே அடித்துவிட்டு
வட்டக் கண்ணைப் போட்டேன்.