கேட்பாரற்றது

பொருள் எண் ஒன்று: சாம்பல் நிற நாற்காலிகள், இருபத்தாறு.
பொருள் எண் இரண்டு: காப்பி இயந்திரம், இத்தாலியது, நீராவி கசிகிறது.
பொருள் எண் ஒன்பது: கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறுகோளின் மாதிரி.
சுண்ணச்சாந்து. இடப்பக்கம் உடைசல்.

லக்ஸம்பர்க் வணிக நீதிமன்றத்தின் முத்திரைத் தாளில்
ஓர் எதிர்காலத்துக்கு
வரிசை எண் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
திவால் கணக்கு எழுதுவது என் பிழைப்பு.
பன்னிரண்டு வயதில் தொற்றிய அறிபுனைக் கதைகள் என் வியாதி.
இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேரும் என்று
எந்தக் கதையும் எச்சரிக்கவில்லை.

கதைகளில் இயந்திரங்கள் கலகம் செய்தன,
சூரியன்கள் அணைந்தன, பேரரசுகள் பொடியாயின.
ஒருவர்கூட
மதிப்புக்கூட்டு வரிப் படிவம் நிரப்பவில்லை.

ஹெலியார் சுரங்க நிறுவனம்.
வானத்தை வில்லாய் வளைப்போம்
மணலைக் கயிறாய்த் திரிப்போம் என்பதை
வரைபடம், அடிக்குறிப்பு சகிதம்
நூற்றுப் பதினான்கு பக்கம் அச்சிட்டிருந்தார்கள்.
எழுபதாம் பக்கத்தில் பாறைக்குள் பிளாட்டினம்.
எழுபத்தொன்றில் பிளாட்டினத்தின் இன்றைய விலை.
அத்தனையும் பூமியில் வந்து கொட்டினால்
அந்த விலை என்ன ஆகும்?
பக்கம் இல்லை.

ஏலம் பத்து மணிக்கு.
காமில் தில்மனி சுத்தியலைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தார்.
டிஃபர்டாஞ்சில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் குளோரிந்தா
ஆறு நாற்காலி கேட்டாள், ஏழாவதை இனாமாய்க் கேட்டாள்.
காப்பி இயந்திரத்துக்கு மட்டும் மூன்று பேர் மல்லுக்கட்டினார்கள்.
ஒரு தரம். இரண்டு தரம்.
சிறுகோள் நாற்பது யூரோவுக்குப் போனது,
பல் மருத்துவர் ஒருவருக்கு.

பொருள் எண் நாற்பத்தொன்று. நான்தான் எழுதியிருந்தேன்:
செயற்கைக்கோள், ஒன்று. ரொட்டிப் பெட்டி அளவு.
இருப்பிடம்: ஐந்நூற்று முப்பது கிலோமீட்டர் உயரம்.
வாங்குபவர் சொந்தச் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும்.

அறை குலுங்கிச் சிரித்தது.
கேட்பார் உண்டா என்றார் தில்மனி.
கேட்பார் உண்டா.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறையும்.

கடைசி வரிசையில் க்யூல்லிக்கி சிரிக்கவில்லை.
எஸ்தோனியாக்காரி; அதைத் திருகாணி திருகாணியாய்ப் பூட்டியவள்.
நான்கு மாதச் சம்பளம் பாக்கி,
கடன்காரர் பட்டியலில் முப்பத்தெட்டாம் இடம்.
வாசலில் சிகரெட் பற்றவைத்தபடி என்னிடம் சொன்னாள்:
அதற்கு ஒரு குறையும் இல்லை.
முப்பது நொடிக்கு ஒரு முறை பேசுகிறது.
மின்கலம் நலம். வெப்பம் மைனஸ் நான்கு. கட்டளைக்குக் காத்திருக்கிறேன்.
ஆன்டெனா வாடகையைத்தான் நாங்கள் நிறுத்திவிட்டோம்.

தன் மேசை விளக்கை ஆறு யூரோவுக்கு மீட்டிருந்தாள்.
அதன் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டு
பேருந்துக்கு ஓடினாள்.

மாலையில் மதிப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் இட்டேன்.
மென்பொருள் ஏற்கவில்லை.
பூஜ்யம் ஒரு விலை அல்ல என்றது, சிவப்பில்.
ஒரு சென்ட் என்று எழுதினேன். பச்சையானது.
தொழில்நுட்பத்தோடு இன்று நான் நடத்திய உரையாடல்
இவ்வளவுதான்.

எஷ் போகும் ரயிலில் கைப்பேசி அதிர்ந்தது:
நிலாவில் தண்ணீர் எடுக்கப்போகும் கம்பெனி,
சந்தைக்கு வந்த முதல் நாள்,
பதினெட்டு சதவீதம் மேலே.
அவர்களுடையது இருநூற்று ஆறு பக்கம்.
எந்தப் பக்கம் அதில் இருக்காது என்பது
இந்தப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் எல்லோரையும்விட
எனக்கு நன்றாகத் தெரியும்.

பெல்வால் நிலையம் வருவதற்குள்
பன்னிரண்டு பங்கு வாங்கியிருந்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு அது தலைக்கு மேல் கடக்கும்
என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
அணைந்த உலைக் கோபுரத்துக்குக் கீழே நின்றேன்.
மேகம். அதோடு, அந்த அளவுக்கு
வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதுவும் தெரியும்.
ஒன்பது நாற்பத்தாறு வரை நின்றேன்.
தொப்பி கொண்டுவந்திருக்கலாம்.