அரைச் சாண்

லீட்ஸ் நகரத்து ஆறாம் மாடியில்
ஜன்னல் அரைச் சாண்தான் திறக்கும்.
அதற்கு மேல் தள்ளினால் டக்கென்று நிற்கும்.
அந்தச் சத்தத்தை மாட்டியவன் நான்.
ஒவ்வொரு சட்டத்துக்கும்
ஒரு குட்டை எஃகுக் கம்பி, இரண்டு ஸ்க்ரூ.
மாடி முழுமைக்கும் ஒரே சாவி.
அது என் இடுப்பில் இருக்கிறது.

ஏன் அரைச் சாண் என்றால்
கையேட்டில் பதில் உண்டு:
குழந்தையின் தலை நுழையக் கூடாத அளவு.
இங்கே குழந்தைகள் யாரும் வேலை பார்க்கவில்லை.
வெள்ளத்தில் வீடு போனவர்களின் காப்பீட்டு மனுக்களைப்
படித்துப் படித்து மறுக்கிற
முப்பத்தொரு பேர்தான்.

ஜூலை.
மேற்கு பார்த்த கண்ணாடி.
மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்து
நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.
முப்பத்து மூன்று என்றது தெர்மாமீட்டர்.
குளிருக்குத்தான் விதிகளில் ஒரு கோடு கிழித்திருக்கிறதாம்,
புழுக்கத்துக்கு இல்லையாம்;
மேலாளர் லியோனி விசாரித்துவிட்டுச் சொன்னார்.
மின்விசிறி நான்கு வாங்கினார்கள்.
அவை ஒரு மேஜையின் சூட்டை
அடுத்த மேஜைக்குப் பரிமாறின.

திருமதி ஓல்ட்ராய்ட்
குப்பைக்கூடையில் தண்ணீர் ஊற்றி
இரண்டு பாதங்களையும் அதற்குள் வைத்துக்கொண்டு
'தங்கள் வீட்டில் நீர் புகுந்தது குறித்து
மிகவும் வருந்துகிறோம்' என்று
தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"ஒரு மத்தியானம், நெவில். ஒரே ஒரு மத்தியானம்.
நான் விழ மாட்டேன்."

விழுவேன் என்று யாரும் சொல்வதில்லை.
பிராட்ஃபோர்டில், பழைய கட்டடத்தில்,
விளிம்பில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பான் ஒருவன்.
பறந்த காகிதம் ஒன்றுக்குக் கை நீட்டினான்.
பெயர் வேண்டாம்.
அவனுடைய காபிக் கோப்பையைக்
கழுவிக் கவிழ்த்தவன் நான்.

"முடியாது" என்றேன். அவர் தலையாட்டினார்.
கூடைக்குள் விரல்களை அசைத்தார்.

அன்றிரவு தூக்கம் இல்லை.
பகலில் குடித்த வெயிலைக் கட்டடம்
இரவில்தான் மெல்ல மெல்லக் கக்கும்.
சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி.
விடியற்காலை நாலரைக்குப் போனேன்.
விளக்குப் போடவில்லை.
ஒவ்வொரு ஜன்னலாகச் சாவியைத் திருகி
அகலத் திறந்தேன், சுவர்வரை.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு ஏர் ஆற்றை உழுதுகொண்டு
காற்று வந்தது.
நாற்காலிகள் தாமாகக் கொஞ்சம் திரும்பின.
மேஜைமேல் மனுக்கள்
எழுந்து நின்று பார்த்தன.
ஒன்று தப்பித்தது.
என் தோளுக்குப் பக்கமாகத்தான் போனது.
நான் கை நீட்டவில்லை.
எச்சில் விழுங்கிக்கொண்டு
அது கீழே போவதைப் பார்த்தேன்,
அவசரமே இல்லாமல்.

ஏழு மணிக்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டேன்.
தினமும் அப்படித்தான், மழை நாள் தவிர.
"இன்னைக்குப் பரவாயில்லையே" என்கிறான் தௌசீஃப்.
மின்விசிறி நல்ல முதலீடு என்று
லியோனி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார்.

ஒரு ஜன்னல் மட்டும் திறப்பதில்லை.
ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது.
மாட்டிய அன்று அவசரம், வெள்ளிக்கிழமை,
நான்தான் முறுக்கி முறுக்கிக் கெடுத்தேன்.
அதன் அடியில்தான் திருமதி ஓல்ட்ராய்ட்.

நேற்றுக் கூப்பிட்டார்.
"ஒரு மனுவைக் காணோம், நெவில்.
கேஸ்ல்ஃபோர்டு. தரைத்தளம். ஒரு பியானோ."
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
மேஜைக்கு அடியில் குனிந்தும் பார்த்தேன்.
கூடையில் தண்ணீர், அதில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள்.

"கிடைக்காவிட்டால் விடு" என்றார்.
"கொடுத்துவிடச் சொல்லி எழுதிவிடுகிறேன்.
மறுப்பதற்குக் கையில்
காகிதம் வேண்டுமில்லையா."