தீவின் முன்பக்கம்

சாத்தூரிலிருந்து கொழுந்தன் குடும்பம் வந்திருந்தது.
பூவாறு பார்க்க வேண்டுமாம்.
ஊரம்பில் பஸ் ஏறும்போதே கேட்டான்:
"அங்க தெரிஞ்ச ஆளு யாராச்சும் உண்டா மதினி,
ரேட்டைக் குறைக்க?"
இல்லை என்றேன்.
ஆறு வருஷமாய் அந்தத் தண்ணீரைக் கடக்கிறேன்,
வாரத்தில் ஆறு நாள், விடியும் முன்னே,
பின்கால்வாய் வழியே, வேலைக்காரர் வள்ளத்தில்.
இல்லை என்றுதான் சொன்னேன்.

பாலத்தடியில் ஒருவன் இரண்டாயிரத்து ஐநூறு என்றான்.
கிளாடிஸ் ஆயிரம் என்றாள்.
ஆயிரத்து எழுநூறில் நின்றது பேச்சு.
ஆளுக்கொரு ஆரஞ்சுச் சட்டை மாட்டினார்கள்,
முந்தி வந்தவரின் வேர்வை காயாதது.

போட்டுக்காரன் பேர் ஷிபின்.
சினிமா பார்த்துப் படித்த தமிழ்.
"லெஃப்ட்ல பாருங்கோ, கண்டல் காடு.
ரைட்ல பாருங்கோ, சேரக்கோழி."
பையன் கோழியைத் தேடினான்.
கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டு
பாம்புத்தாரா ஒன்று
எங்களைப் பார்த்துவிட்டு முங்கியது.

"இது ஒரு டாக்டரோட தீவு, வருஷத்துக்கு நாலு நாள் வருவார்.
இது கேஸ்ல கிடக்குற தீவு, அண்ணன் தம்பி மூணு பேரு,
இப்போ ஒரு நாய் மட்டும்."
நாய் படித்துறை வரை இறங்கி வந்து குரைத்தது,
பங்குதாரர் யாரோ வந்துவிட்டதுபோல.

பிறகு என் தீவு.
என் தீவு என்று சொல்வது தப்பு.
ஆனாலும் அன்றைக்குத்தான்
அதன் முகத்தைப் பார்த்தேன்.
மரப்பாலம், வெள்ளைக் குடைகள்,
அளவெடுத்து நட்ட செந்தென்னைகள்,
மூன்று மொழியில் ஒரு பலகை.
தமிழில் மட்டும் எழுத்து மாறியிருந்தது.
பையன் சத்தமாய் வாசித்தான்:
'தனியார் தீவு. இரங்கக் கூடாது.'
"சின்ன ர போட்டிருக்காங்க அத்தை!"
யாரும் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன்.

"ஒரு ராத்திரிக்கு இருபத்தெட்டாயிரம்" என்றான் ஷிபின்.
"உள்ள எப்படி இருக்கும்?" கிளாடிஸ் என் காதில்.
சொல்லியிருக்கலாம்:
விரிப்பின் மூலையில் சிவப்பு நூலில் எண் இருக்கும்.
பதினேழாம் எண்ணில் மருதாணிக் கறை,
எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.
தொடாத அன்னாசித் தட்டு குப்பைக்குப் போகும்,
ஒரு துண்டம் நம் பையில் இருந்தால்
அரைநாள் சம்பளம் போகும்.
"ஏசி இருக்கும்" என்றேன்.

கொஞ்சம் கழித்து, என் வாய்தான் கேட்டது:
"பின்பக்கம் சுற்றிப் போகலாமா?"
"அங்க ஒண்ணும் இல்லக்கா. டீசல் நாத்தம்."
நூறு ரூபாய் நீட்டினேன்.
கொழுந்தன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஜெனரேட்டர். பச்சைத் தொட்டி. காக்கைகள்.
அதற்கும் பின்னால் கொடி நெடுக வெள்ளை,
ஆறு வருஷத்தில் என் கை படாத சனிக்கிழமை வெள்ளை.
அடிவரிசையில் ஒன்றை
உதறாமல் சுருக்கத்தோடே போட்டிருந்தது.

திரேசா நின்றாள்,
இடுப்பில் கிளிப் டப்பாவோடு.
கிளாடிஸின் கறுப்புக் கண்ணாடி என் மூக்கில்,
ஆரஞ்சுச் சட்டை என் தோளில்.
கையை ஆட்டினேன்.

அவள் நிமிர்ந்தாள்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து நெஞ்சில் வைத்தாள்.
கண் சுருங்காமல், பல் பாதி தெரிய,
விருந்தாளி வந்தால் இப்படி என்று
எங்கள் இரண்டு பேரையும் ஒரே கண்ணாடி முன் நிறுத்திப்
பழக்கினார்களே,
அந்தச் சிரிப்பை எனக்குச் சிரித்தாள்.

"தெரிஞ்சவுகளா மதினி?"
போட்டு அதற்குள் திரும்பிவிட்டது.

பொழிமுகத்தில் எல்லோரும் படம் எடுத்தார்கள்.
ஆறு எங்கே முடிகிறது,
கடல் எங்கே தொடங்குகிறது என்று
ஷிபின் விரலால் கோடு போட்டுக் காட்டினான்.
எனக்கு ஒரே தண்ணீராய்த்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை திரேசாவிடம் சொல்ல வேண்டும்,
அடிவரிசை விரிப்பை உதறிப் போடு என்று.
உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள்.