நான்கெல்லை

ஜூன் முப்பது மாலை
சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.
முப்பத்தொரு வருடம்
பள்ளிப்பட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில்
ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை படித்த நான்
மறுநாள் என் வீட்டில்
கடுகு எங்கே என்று தெரியாமல் நின்றேன்.

காபித்தூள் டப்பாவில் இருந்தது.
நான்கு வருடம் முன்பே ஓய்வுபெற்ற கண்டக்டர்
முனிரத்தினம், என் வீட்டுக்காரர்,
சமையலறையைத் தன் பெயருக்கு மாற்றியிருக்கிறார்,
பட்டா உட்பட.
"உள்ளே போ, உள்ளே போ" என்கிறார்
இரண்டு பேர் நிற்கும் இடத்தில்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு
இந்த வீடு எப்படி இருக்கும் என்று
நான் பார்த்ததே இல்லை.
வெயில் பின்கதவு வழியாக வந்து
மிக்சியைத் தொட்டுவிட்டு
வாளிக்குள் இறங்குகிறது.
பின்தெருவில் ஏழு விசைத்தறிகள் ஓடுகின்றன.
ஞாயிறு மட்டும் வீட்டில் இருந்தவள்
அமைதியான தெருவில் குடியிருப்பதாக
எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் சும்மா இருந்தேன்.
இரண்டாம் வாரம் சண்டை, புளி விஷயமாக.
பிறகு வடக்கு அறையைக் கேட்டேன்.
ஓடாத தையல் மிஷின், அவருடைய டிக்கெட் பை,
மகள் விட்டுப்போன கேரம் போர்டு
எல்லாம் வெளியே.
புத்தூரில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு மேசை.
மாங்காய்க் கூடைகளோடு வேனில் வந்து இறங்கியது.
ஒரு கால் குட்டை.
கீழே பழைய வழிகாட்டி மதிப்புப் புத்தகத்தைச் செருகினேன்.
அதற்காவது ஆகட்டும்.

ஆற்றைப் பற்றி எழுதத்தான் ஆசை.
வந்து விழுந்ததோ இப்படி:

வடக்கே ஆந்திர மாநிலம்.
தெற்கே துளசிராம் நாயுடு வகையறா கரும்பு.
மேற்கே வண்டிப்பாதை.
கிழக்கே நகரி மலை.
இதன் மத்தியில் கட்டுப்பட்ட கொசஸ்தலை ஆறு,
மணல் நீங்கலாக.

அவருக்குப் படித்துக் காட்டினேன்.
கண்ணை மூடிக் கேட்டார்.
"எல்லாம் சரி, இது எங்க இறங்குது?"
இரண்டு நாள் நான் பேசவில்லை.
மூன்றாம் நாள்
நியாயமான கேள்வி என்று பட்டது.

பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவர் ஒருவர்,
எழுதிப்பெறுபவர் ஒருவர்.
நடுவே உட்கார்ந்து மற்றவர்கள் கட்டைவிரலை
மையில் உருட்டி எடுத்தவள் நான்.
இப்போது இரண்டு பேரும் நானே என்றால்
முத்திரைத்தீர்வை யார் கட்டுவது?

ஒருமுறை நாகலாபுரத்திலிருந்து வந்த ராஜேஸ்வரம்மா
கையெழுத்துக்கு முன் பேனாவைக் கீழே வைத்தாள்.
நிலத்தில் ஒரு வேம்பு.
சாயங்காலம் அதன் நிழல்
பக்கத்து சர்வே நம்பரில் போய் விழுகிறது,
அது யாருக்கு என்றாள்.
நாங்கள் சிரித்தோம்.
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால்
பக்கத்தின் கீழே கணக்கெழுதி ஒப்பமிட வேண்டும்:
அடித்தல் இரண்டு, கூடுதல் ஒன்று.
நேற்று ஒரே பக்கத்தில் நாற்பது அடித்தேன்.
யாருக்கும் தெரியாது.
வேம்பை அடித்தேன், நிழலை மட்டும் வைத்தேன்.
பிறகு அதுவும் பொய்யாகத் தெரிந்து
மரத்தைத் திரும்ப நட்டேன்.

பால்காரர் ஜன்னலில் எட்டிப்பார்த்தார்:
"ஏம் ராஸ்துன்னாரு மேடம்?"
"தெலீது" என்றேன்.
அலுவலக நாற்காலியில் ஒருநாளும்
வாய்விட்டுச் சொல்ல முடியாத சொல்.

சமையலறையில் விசில் சத்தம்.
குக்கரா, அவரா, தெரியவில்லை.
ஒன்று என்றால் நிறுத்தம்,
இரண்டு என்றால் போகலாம்.
நான் எண்ணவில்லை.